கடலைக் கண்காணித்த தொகுதி: இலங்கையில் பிரிட்டிஷ் வான்படையின் 222ஆம் தொகுதி, 1941–1945

இரண்டாம் உலகப் போரில் கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியப் பெருங்கடலைக் கண்காணித்த பிரிட்டிஷ் வான்படையின் 222ஆம் தொகுதியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, 1942 ஏப்ரல் 5 முதல் 9 வரையிலான ஐந்து நாட்களையே சுற்றிவருகிறது. அந்நாட்களில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. அந்தத் தாக்குதலை வைத்து இத்தொகுதியைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தீர்ப்புகள் நிலைபெற்றுள்ளன. எதிரிக் கடற்படையை முன்கூட்டியே கண்டு அறிவித்ததன் மூலம் இலங்கையையும், அதன்வழி இந்தியப் பெருங்கடல் முழுவதையும் காப்பாற்றிய படை இது என்பது ஒன்று. எச்சரிக்கை கைக்கு வந்த பிறகும் தன் சண்டை விமானங்களைத் தரையிலேயே சிக்கவிட்ட படை இது என்பது மற்றொன்று. ஒரு வேவுப்படையை ஒரு மோதலின் வெற்றிதோல்வியைக் கொண்டு அளக்கும் பழக்கத்திலிருந்தே இவ்விரண்டும் பிறந்தன. இத்தொகுதியின் முதன்மையான பணி கடலைப் பார்ப்பதும் பார்த்ததை உரியவரிடம் சேர்ப்பதுமாகவே இருந்தது. பார்ப்பவனுக்கும் அடிப்பவனுக்கும் இடையே உள்ள தொடர்பு அறுந்த இடத்தில் அது தோற்றது, அத்தொடர்பு சீரான இடத்தில் அது பயன் தந்தது என்ற கோணத்திலிருந்து நோக்கினால் அதன் நான்காண்டு வரலாறும் ஒரே கோவையாகத் தெரியவரும்.

பிரிட்டிஷ் வான்படையின் அமைப்பு முறையில் 'ஸ்குவாட்ரன்' என்பது ஒரே வகை விமானங்கள் பன்னிரண்டோ பதினெட்டோ கொண்ட அடிப்படை அணியாகும். அத்தகைய அணிகள் பலவற்றையும் அவற்றுக்குரிய ஓடுதளங்கள், கம்பியில்லாத் தந்தி நிலையங்கள், பழுதுபார்க்கும் பட்டறைகள் ஆகியவற்றையும் ஒரு தளபதியின்கீழ் இணைத்தது 'குரூப்' எனப்பட்ட தொகுதி. 222ஆம் தொகுதி 'பொது வேவு' எனப் பெயரிடப்பட்ட வகையைச் சேர்ந்தது. அதாவது கடலில் செல்லும் பகைக் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் தேடுதல், வணிகக் கப்பல் அணிவகுப்புகளுக்கு வானிலிருந்து துணைபோதல், கவிழ்ந்த கப்பலின் மாலுமிகளைத் தேடி மீட்க உதவுதல் ஆகியவை அதன் கடமைகள். இவற்றுக்கு அது பெரிதும் நம்பியிருந்த கருவி அமெரிக்கத் தயாரிப்பான கேட்டலினா என்னும் பறக்கும் படகு. நீரிலேயே இறங்கி நீரிலிருந்தே எழும் இந்த இரட்டை எஞ்சின் விமானம் மணிக்கு நூறு மைலைச் சற்றே தாண்டிய வேகத்தில் ஊர்ந்து செல்வது. எனினும் இருபது மணி நேரத்துக்கு மேல் வானில் தங்கக்கூடியது. எட்டு ஒன்பது பேர் கொண்ட அதன் குழுவுக்குப் படுக்கையும் அடுப்பும் உண்டு. சண்டை விமானத்தின் எதிரில் அகப்பட்டால் தப்பும் வாய்ப்பு அதற்கு ஏறக்குறைய இல்லை. நெடுநேரம் பறப்பதற்கான எரிபொருளையும் இடவசதியையும் தருவதற்காக வேகத்தையும் தற்காப்பையும் விட்டுக்கொடுத்த வடிவமைப்பு அது.

தொகுதி இலங்கையில் நிலைகொண்ட 1941ஆம் ஆண்டில் அத்தீவு போரின் புறக்கடையாகவே கருதப்பட்டது. சிங்கப்பூர் நிலைத்திருக்கும்வரை இலங்கைக்கு ஆபத்தில்லை என்பது லண்டனின் கணிப்பு. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச் 8இல் ரங்கூனும், அதே மாதம் 23இல் அந்தமானும் வீழ்ந்தபோது அக்கணிப்பு ஏறத்தாழ ஐந்து வாரங்களில் பொய்த்தது. மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் இழந்த நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் கிடைக்கும் முதன்மையான இடமாக இலங்கை மாறியது. மத்திய கிழக்குக்கும் இந்தியாவுக்கும் செல்லும் கப்பல் வழிகள் அதன் ஓரமாகவே ஓடின; திருகோணமலையை விட்டால் பிரிட்டனின் கிழக்குக் கடற்படைக்கு அப்பகுதியில் அதற்கு நிகரான துறைமுகம் இல்லை. அட்மிரல் ஜெஃப்ரி லேட்டன் ஆளுநருக்கும் மேலான அதிகாரத்தோடு தீவின் தலைமைத் தளபதியாக நியமிக்கப்பட்டார். 222ஆம் தொகுதி ஏர் வைஸ் மார்ஷல் ஜான் டல்பியாக்கின் பொறுப்பில் வந்தது. முந்திய ஆண்டு கிரேக்கத்தில், எண்ணிக்கையில் தன்னைப் பன்மடங்கு விஞ்சிய ஜெர்மன் வான்படையை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் வான்படையை நடத்தியவர் அவர். போதாத விமானங்களைக் கொண்டு ஒரு நிலப்பரப்பைக் காப்பது அவருக்குப் புதிதன்று.

மார்ச் முதல் வாரத்தில் இன்டாமிட்டபிள் என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து இரண்டு ஹரிகேன் ஸ்குவாட்ரன்கள் பறந்து வந்து இறங்கின. 30ஆம் ஸ்குவாட்ரன் இரத்மலானையிலும், 261ஆம் ஸ்குவாட்ரன் திருகோணமலைக்கு அருகிலுள்ள சீனக்குடாவிலும் நிலைகொண்டன. சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் தோற்றுத் தப்பி வந்த விமானிகளையும் சேர்த்து மூன்றாவதாக 258ஆம் ஸ்குவாட்ரன் மீண்டும் உருவாக்கப்பட்டு, கொழும்பு கறுவாத்தோட்டத்திலிருந்த குதிரைப்பந்தயத் திடலை ஓடுதளமாக மாற்றி அங்கே நிறுத்தப்பட்டது. குண்டுவீச்சுக்கென்று இருந்தது பிளென்ஹைம் விமானங்கள் கொண்ட 11ஆம் ஸ்குவாட்ரன் ஒன்றே. காலிக்கு அருகே கொக்கலை வாவியில் தங்கிய கேட்டலினாக்கள் பத்துக்கும் குறைவு. அவற்றுள் சில, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து அவசரமாக அழைக்கப்பட்ட கனடிய 413ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவை. மற்றவை சிங்கப்பூரிலிருந்த 205ஆம் ஸ்குவாட்ரனின் எச்சம். கொழும்பின் கோல்ப் திடலில் நிறுவப்பட்ட ராடார் நிலையம் இயங்கத் தொடங்கி ஓரிரு வாரங்களே ஆகியிருந்தன. ஒரு மாத காலத்தில் இவ்வளவையும் சேர்த்தது சாதனைதான். ஆனால் சேர்ந்தவை ஒன்றோடொன்று பழகவில்லை என்பது ஏப்ரலில் தெரியவந்தது.

ஜப்பானியத் திட்டம் பற்றிய முதல் தகவல் விமானங்களிடமிருந்து வரவில்லை. சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு இடம்பெயர்ந்திருந்த பிரிட்டிஷ் சங்கேதக் குறியீட்டு அலுவலகம், ஜப்பானியச் செய்திகளை ஒட்டுக்கேட்டு, ஏப்ரல் முதல் நாளையொட்டி ஒரு விமானந்தாங்கிப் படை இலங்கையைத் தாக்கும் என்று கணித்தது. கிழக்குக் கடற்படைக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில் தம் கடற்படையோடு தீவுக்குத் தெற்கே இரண்டு மூன்று நாட்கள் காத்திருந்தார். தென்கிழக்கே கேட்டலினாக்கள் தேடின, எதிரி வரவில்லை. குடிநீரும் எரிபொருளும் குறையவே, ஏப்ரல் 2இல் அவர் மாலைத்தீவுகளின் தென்கோடியிலுள்ள அட்டு பவளத்தீவில் அமைக்கப்பட்டிருந்த இரகசியத் தளத்துக்குத் திரும்பினார். அதே வேளையில் டார்செட்ஷயர், கார்ன்வால் ஆகிய இரு கனரகக் கப்பல்களைக் கொழும்புக்கும், ஹெர்மிஸ் என்னும் சிறிய விமானந்தாங்கியைத் திருகோணமலைக்கும் அனுப்பினார். கணிப்பு பிழையல்ல, நாள்தான் தள்ளிப்போயிருந்தது. நகுமோ சுயிச்சியின் தலைமையில் அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுயிகாகு ஆகிய ஐந்து விமானந்தாங்கிகள் செலிபஸ் தீவிலிருந்து மார்ச் 26இல் புறப்பட்டு வந்துகொண்டிருந்தன.

ஏப்ரல் 4ஆம் நாள் பிற்பகலில், கொக்கலைக்கு வந்து இரண்டே நாளான ஸ்குவாட்ரன் லீடர் லியனார்ட் பெர்ச்சால் ஓட்டிய கேட்டலினா, தன் சுற்றின் கடைசிக் கட்டத்தில், இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவில் தொடுவானில் கப்பல்களைக் கண்டது. அவை யாருடையவை என்று உறுதிசெய்ய நெருங்கியபோது சீரோ சண்டை விமானங்கள் சூழ்ந்துகொண்டன. கம்பியில்லாத் தந்தி இயக்குநர் செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே கருவி குண்டுபட்டு நொறுங்கியது. ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஆறு பேர் உயிர்தப்பிச் சிறைப்பட்டனர். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு அவர்கள் அடித்து விசாரிக்கப்பட்டனர். கொழும்புக்குக் கிட்டியது அரைகுறைச் செய்தியே. பெரிய பகைப்படை ஒன்று வருகிறது என்பதும் அதன் இடமும் தெரிந்தன. அதில் எத்தனை விமானந்தாங்கிகள் என்பது தெரியவில்லை. அன்றிரவு அப்படையைப் பின்தொடரச் சென்ற மற்றொரு கேட்டலினா தன் குழு முழுவதோடும் சுட்டு வீழ்த்தப்பட்டது.

இந்த எச்சரிக்கையின் பயனை நுணுகிப் பார்க்கவேண்டும். கொழும்புத் துறைமுகத்தை விட்டு நகரக்கூடிய கப்பல்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டன. மறுநாள் காலை 125 விமானங்கள் வந்தபோது அவற்றுக்குக் கிடைத்த இரை குறைவு. டெனிடாஸ் என்னும் நாசகாரிக் கப்பலும் ஆயுதம் பூட்டிய வணிகக் கப்பலான ஹெக்டரும் துறைமுகத்தில் மூழ்கின. முந்தைய டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தில் நிகழ்ந்தது கொழும்பில் நிகழாமல் போனதற்குப் பெர்ச்சாலின் செய்தி ஒரு காரணம், சோமர்வில்லின் பெருங்கப்பல்கள் அங்கே இல்லாதது மற்றொரு காரணம். ஆனால் அதே செய்தியைக் கேட்டுத்தான் டார்செட்ஷயரும் கார்ன்வாலும் சோமர்வில்லின் கடற்படையோடு சேரக் கொழும்பை விட்டு அவசரமாகப் புறப்பட்டன. தென்மேற்கே திறந்த கடலில் அவற்றை ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டது. பாய்ந்து குண்டுவீசும் விமானங்கள் சில நிமிடங்களில் இரண்டையும் மூழ்கடித்தன. 424 பேர் இறந்தனர்; 1,122 பேர் ஒரு நாளுக்கு மேல் நீரில் கிடந்து மீட்கப்பட்டனர். ஒரே எச்சரிக்கை சிலரைக் காத்தது, சிலரைப் பகைவன் பார்வைக்குள் அனுப்பியது.

தரையில் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. எதிரி வருவான் என்று முந்திய மாலையே தெரிந்தும், ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில், இரத்மலானை விமானிகள் தலைக்கு மேல் எதிரி விமானங்களைக் கண்ட பிறகே ஓடி ஏறினர். ராடார் நிலையத்திலிருந்து எச்சரிக்கை வரவில்லை. அதன் காரணம் குறித்து ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. குதிரைப்பந்தயத் திடல் ஓடுதளமானதை ஜப்பானியர் அறியாதிருந்ததால் 258ஆம் ஸ்குவாட்ரன் இடையூறின்றி எழுந்தது. ஆனால் உயரம் ஏறும் முன்பே மோதலில் சிக்கி, தன் ஹரிகேன்களில் பாதிக்கு மேல் இழந்தது. டார்பிடோ சுமந்து திருகோணமலையிலிருந்து இரத்மலானை நோக்கி வந்துகொண்டிருந்த ஆறு ஸ்வோர்ட்பிஷ் இரட்டைச் சிறகு விமானங்கள், போர் நடப்பதே தெரியாமல் அதன் நடுவில் நுழைந்து ஆறும் வீழ்ந்தன. கடற்படைக்குச் சொந்தமான அவ்விமானங்களுக்கு வான்படையின் நடவடிக்கை அறைக்குத் தெரிந்த செய்தி எட்டவில்லை. அன்று பிரிட்டிஷ் தரப்பு இழந்தவை ஏறத்தாழ 27 விமானங்கள், ஜப்பானியர் இழந்தவை ஏழு. பிரிட்டிஷ் அறிக்கைகளோ எதிரியின் இழப்பை இருபதையொட்டிக் காட்டின. வேகமான வான்சண்டையில் ஒரே விமானத்தைப் பலர் சுட்டதாக நம்புவது எல்லாப் படைகளிலும் நிகழ்ந்தது. ஆயினும் அவ்வெண்கள் திருத்தப்படாமல் நூல்களில் ஏறியதே பின்னாளில் 'கொழும்புக்கு மேல் கிடைத்த வெற்றி' என்ற நம்பிக்கைக்கு அடித்தளமாயிற்று.

ஏப்ரல் 9இல் திருகோணமலையில் நிகழ்ந்தவை இதே கதையைச் சிறு மாற்றங்களோடு திரும்பச் சொல்கின்றன. முதல் நாள் ஒரு கேட்டலினா எதிரியைக் கிழக்கே கண்டறிந்தது; துறைமுகம் காலிசெய்யப்பட்டது; இம்முறை ராடாரும் இயங்கியதால் 261ஆம் ஸ்குவாட்ரன் உரிய நேரத்தில் எழுந்தது. எண்ணிக்கையில் தன்னைப் பெரிதும் விஞ்சிய படையோடு மோதி எட்டு ஹரிகேன்களை இழந்தது. சீனக்குடாவுக்கு வடக்கேயிருந்த எண்ணெய்க் குதங்களுள் ஒன்றின் மேல் ஜப்பானிய விமானம் ஒன்று விழுந்து பெருந்தீ மூண்டது. துறைமுகத்திலிருந்து தெற்கே அனுப்பப்பட்ட ஹெர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால், தன் மேற்றளத்தில் ஒரு விமானமும் இல்லாத நிலையில் பிடிபட்டு மூழ்கியது. 307 பேர் இறந்தனர். கூடவே சென்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் மூழ்கியது. கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில் நடந்த அம்மோதலுக்குச் சீனக்குடாவிலிருந்து சண்டை விமானங்கள் உதவிக்குப் போகமுடியாமற் போனதற்குத் தகவல் தொடர்பின் முறிவே காரணமாயிற்று.

அதே காலையில் 11ஆம் ஸ்குவாட்ரனின் ஒன்பது பிளென்ஹைம்கள், காவலுக்குச் சண்டை விமானம் ஒன்றுமின்றி, நகுமோவின் படையைத் தேடிச் சென்று கண்டுபிடித்தன. ஜப்பானியர் அவற்றை முன்கூட்டிக் கவனிக்கத் தவறியதால், அகாகியின் அருகே குண்டுகள் விழுந்த பிறகே அவர்களுக்குத் தாக்குதல் நடப்பது தெரிந்தது. குண்டு ஒன்றும் படவில்லை. ஐந்து பிளென்ஹைம்கள் திரும்பவில்லை. போர் தொடங்கியது முதல் அதுவரை அந்த விமானந்தாங்கிப் படையை வானிலிருந்து தாக்கியவர் வேறு எவருமில்லை. 222ஆம் தொகுதியின் வரலாற்றில் பெர்ச்சாலுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இந்த ஒன்பது குழுவினருக்குக் கிடைக்கவில்லை. தொகுதியின் வேவுக்கும் தாக்கும் வலிமைக்கும் இடையிலிருந்த இடைவெளியை இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவாகக் காட்டுவது எதுவுமில்லை. எட்டு வாரங்களுக்குப் பின், ஜூன் 4இல், மிட்வே தீவுக்கு அருகே இதே நகுமோவின் படையை அமெரிக்கக் கேட்டலினா ஒன்று கண்டு அறிவித்தது. விமானம் அதே வகை, செய்தியும் ஏறத்தாழ அதே வகை. அங்கே அச்செய்தியைக் கேட்டு எழுவதற்கு மூன்று விமானந்தாங்கிகளின் தாக்குதல் அணிகள் காத்திருந்தன. மறுநாள் நண்பகலுக்குள் நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிகள் இல்லாமற்போயின.

'இலங்கையைக் காப்பாற்றிய தொகுதி' என்னும் கூற்றை எடைபோட ஜப்பானிய நோக்கத்தையும் அறியவேண்டும். இலங்கையைக் கைப்பற்றும் எண்ணம் ஜப்பானியக் கடற்படைத் திட்டமிடுவோரிடம் சில காலம் இருந்தது; அதற்கு வேண்டிய படைப்பிரிவுகளைத் தர ஜப்பானியத் தரைப்படை மறுத்துவிட்டது. ஏப்ரலில் வந்தது ஒரு திடீர்த் தாக்குதலே. தரையிறங்கும் படை எதுவும் உடன் வரவில்லை. ஆகவே ஹரிகேன்கள் ஒரு படையெடுப்பை முறியடித்தன என்பதற்கு இடமில்லை. இலங்கை அச்சுறுத்தப்பட்ட அக்கணத்தையே போரின் மிக ஆபத்தான தருணமாகச் சர்ச்சில் பின்னாளில் குறிப்பிட்டதாகச் சொல்லப்படுகிறது. போர்க்காலத்தில் இலங்கை வான்படை நிலையங்களில் பணியாற்றிய மைக்கேல் டாம்லின்சன் 1976இல் தம் நூலுக்கு அத்தொடரையே தலைப்பாக்கினார். அக்காலத்தவரின் அச்சத்தை அது சரியாகவே பதிவுசெய்கிறது. அச்சம் உண்மையானது என்பதால் ஆபத்தும் அதே அளவில் இருந்தது என்றாகிவிடாது. மறுபுறம், ஐந்து நாட்களில் இருபதையொட்டிய விமானங்களையும் தேர்ந்த விமானிகளையும் ஜப்பானியர் இழந்தது மிட்வேயில் அவர்களுக்கு உறைத்திருக்கும் என்னும் வாதம் ஓரளவே ஏற்கத்தக்கது. பவளக்கடலிலும் மிட்வேயிலும் அவர்கள் இழந்தவற்றோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை.

அதே வாரத்தில் வங்காள விரிகுடாவின் வட பகுதியில் ஒசாவாவின் தலைமையில் வந்த மற்றொரு ஜப்பானியப் படை, ரியூஜோ என்னும் விமானந்தாங்கியின் துணையோடு இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்து, ஏப்ரல் 6இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுவீசியது. அதன் எதிரொலியாகச் சென்னையில் எழுந்த பீதியும், அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டதும், மக்கள் மூட்டை முடிச்சோடு இரயில் நிலையங்களை முற்றுகையிட்டதும் தமிழ்நாட்டின் போர்க்கால நினைவுகளில் அழியாதவை. கொழும்பின் கண் எட்டாத கடற்பரப்பு எவ்வளவு பெரியது என்பதை அந்தப் பேரிழப்பு வெளிப்படுத்தியது. கிழக்குக் கடற்கரையை அப்போது காத்துநின்றவற்றுள் வாப்பிட்டி என்னும் பழைய இரட்டைச் சிறகு விமானங்களைக் கொண்ட இந்திய வான்படையின் கடற்கரைக் காவல் பிரிவுகளும் அடங்கும். இதன் பின்னரே பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட 225ஆம் தொகுதி தென்னிந்தியக் கடற்பரப்பின் கண்காணிப்பை வலுப்படுத்தியது. 1942 அக்டோபரில் தஞ்சாவூரில் 36ஆம் ஸ்குவாட்ரன் வெல்லிங்டன் விமானங்களோடு மீண்டும் உருவாயிற்று. சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி கேட்டலினாக்களின் தளமாயிற்று. அங்கிருந்து சென்ற பறக்கும் படகுகள் வேவுப் பணியோடு, ஜப்பானியர் வசமிருந்த கரைகளுக்கு இரகசியப் பணியாட்களைக் கொண்டுசெல்லும் வேலையையும் பின்னாளில் செய்தன.

1942 ஏப்ரலுக்குப் பின் ஜப்பானிய விமானந்தாங்கிகள் இந்தியப் பெருங்கடலுக்குள் அந்த வலிமையோடு மீண்டும் வரவேயில்லை. ஆனால் வரமாட்டா என்பது அன்று எவருக்கும் தெரியாது. எனவே தீவு முழுவதும் ஓடுதளங்கள் பெருகின. மின்னேரியா, சீகிரியா, வவுனியா, புத்தளம், நீர்கொழும்புக்கு அருகே கட்டுநாயக்க, வடக்கே காங்கேசன்துறை என்று காட்டையும் தென்னந்தோப்பையும் வயலையும் திருத்தி நிலங்கள் சமன்செய்யப்பட்டன. கொக்கலை கிராமத்து மக்கள் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டு வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பிறந்த வீடு தப்பியவற்றுள் ஒன்று. ஏப்ரலின் பாடத்தைக் கற்றுத் தாக்கும் வலிமையைக் கட்டியெழுப்பும் முயற்சியாக, டார்பிடோ சுமக்கும் பியூபோர்ட் விமானங்கள் கொண்ட 22, 217 ஆகிய ஸ்குவாட்ரன்கள் கொண்டுவரப்பட்டன. இவற்றுள் 217ஆம் ஸ்குவாட்ரனை வழியில் மால்ட்டா தடுத்து நிறுத்தி மத்தியதரைக்கடல் போருக்குப் பயன்படுத்திக்கொண்ட பிறகே அது இலங்கைக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த பின் இரண்டாண்டுகள் வவுனியாவிலும் மின்னேரியாவிலும் அவை தாக்குவதற்குக் காத்திருந்த பகைக் கடற்படை வரவில்லை. கப்பல் அணிவகுப்புக்குக் காவல் போவதும் பயிற்சி செய்வதுமே வாழ்வாயிற்று. பார்க்கும் கண் இருந்தபோது அடிக்கும் கை இல்லை. கை வளர்ந்தபோது அடிப்பதற்குப் பகைவன் இல்லை.

உண்மையில் வந்த பகைவன் நீருக்கடியில் வந்தான். பினாங்கைத் தளமாகக் கொண்டு ஜப்பானிய நீர்மூழ்கிகளும், 1943இன் நடுப்பகுதி முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகளும் அரபிக்கடலிலிருந்து மொசாம்பிக் வரை வணிகக் கப்பல்களை வேட்டையாடின. இந்தப் பரப்பைக் காக்கும் விமானங்கள் இலங்கை, தென்னிந்தியா, ஏடன், கிழக்கு ஆப்பிரிக்கா என்று வெவ்வேறு தலைமைகளின்கீழ் சிதறிக் கிடந்தன. அவை அனைத்தின் வேவுப் பணியையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு 222ஆம் தொகுதியின் தளபதியிடம் ஒப்படைக்கப்பட்டது தொகுதியின் வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம். ஏப்ரல் தாக்குதலைப் போல் அது எவர் கற்பனையையும் கவரவில்லை என்பதால் பல நூல்கள் அதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. கொழும்பிலிருந்த நடவடிக்கை அறை, கடற்படையோடு சேர்ந்து ஒரே வரைபடத்தில் கப்பல்களையும் விமானங்களையும் நீர்மூழ்கி பற்றிய செய்திகளையும் குறித்து, எந்தத் தளத்திலிருந்து எத்தனை விமானங்கள் எந்தப் பரப்பைத் தேடவேண்டும் என்று தீர்மானித்தது. 1942இல் ஸ்வோர்ட்பிஷ்களைக் கொன்ற அந்தப் பிளவு இவ்வறையில்தான் அடைக்கப்பட்டது.

அதன் பயனையும் எல்லையையும் 1944 பிப்ரவரி 12ஆம் நாள் ஒருசேரக் காட்டுகிறது. ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு நடுக்கடலில் எரிபொருள் ஊட்டிவந்த சார்லட் ஷ்லீமன் என்னும் எண்ணெய்க் கப்பலை மொரீஷியசிலிருந்து சென்ற கேட்டலினா கண்டுபிடித்து அறிவிக்க, ரிலெண்ட்லெஸ் என்னும் நாசகாரிக் கப்பல் விரைந்து அதை அணுகியது. தப்ப வழியின்றி ஜெர்மானியர் தம் கப்பலைத் தாமே மூழ்கடித்தனர். அடுத்த மாதம் பிரேக் என்னும் மற்றோர் எண்ணெய்க் கப்பலும் அழிக்கப்பட்டபோது, ஜெர்மன் நீர்மூழ்கிகள் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் நெடுநாள் தங்கும் ஆற்றலை இழந்தன. அதே பிப்ரவரி 12இல்தான், மொம்பாசாவிலிருந்து கொழும்புக்குக் காவலோடு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்னும் துருப்புக் கப்பல் மாலைத்தீவுகளுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றால் தாக்கப்பட்டு ஓரிரு நிமிடங்களில் மூழ்கியது. கிழக்கு ஆப்பிரிக்கப் படைவீரரும் செவிலியரும் உட்பட 1,297 பேர் மாண்டனர். தேடுதலும் காவலும் ஒன்றல்ல. நீரின் மேல் நாட்கணக்கில் மிதக்கும் எண்ணெய்க் கப்பலை விமானம் கண்டுகொள்ளும்; நீருக்கடியில் காத்திருக்கும் நீர்மூழ்கியை அது காண்பது அரிது. அதே ஆண்டு ஆகஸ்டில் சேஷெல்ஸ் தீவுகளுக்கு அருகே யூ-198 என்னும் ஜெர்மன் நீர்மூழ்கியைக் கேட்டலினா ஒன்று கண்டறிய, பிரிட்டிஷ் காவற்கப்பலோடு இந்தியக் கடற்படையின் கோதாவரியும் சேர்ந்து அதை மூழ்கடித்ததில், வானும் கடலும் பிசகின்றி இணைந்து செயல்பட்டன. இத்தகைய வெற்றிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுக்கு இடையே கழிந்த பல்லாயிரம் மணி நேரப் பறத்தலில், குழுவினர் வெறும் நீரைத் தவிர வேறெதையும் காணவில்லை. விமானம் மேலே இருக்கும்போது நீர்மூழ்கி மேலெழத் தயங்கும். மூழ்கியே கிடக்கும் நீர்மூழ்கி வேகமிழந்து இலக்கைத் தவறவிடும். அவ்வாறு தப்பிய கப்பல்களுக்குப் பட்டியல் கிடையாது.

கொக்கலை வாவி போரல்லாத ஒரு பணிக்கும் பயன்பட்டது. சிங்கப்பூர் வீழ்ந்ததால் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான வான்வழி அறுந்துபோனது. அதை மீட்க, 1943 ஜூலை முதல் 1945 ஜூலை வரை குவாண்டாஸ் நிறுவனம் பெர்த் நகரிலிருந்து கொக்கலைக்குக் கேட்டலினாக்களை இடைநில்லாமல் ஓட்டியது. 27 முதல் 33 மணி நேரம் வரை நீண்ட அப்பயணத்தில் மூன்று பயணிகளும் சிறிது தபாலும் மட்டுமே ஏறமுடியும். கம்பியில்லாத் தந்தியைப் பயன்படுத்தாமல் விண்மீன்களைப் பார்த்தே வழி கணிக்கப்பட்டது. ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைக் காணலாம் என்பதால் 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் அதற்கு அமைந்தது. 271 பயணங்களிலும் ஒரு விமானமும் இழக்கப்படவில்லை. ஜப்பானியக் கண்களில் படாமல் இதைச் சாதிக்க முடிந்தது என்பது, பெருங்கடலில் எதையேனும் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை மறுபக்கத்திலிருந்து உணர்த்துகிறது.

போரின் கடைசி இரண்டாண்டுகளில் தொகுதியின் எட்டம் நீண்டது. நான்கு எஞ்சின்கள் கொண்ட லிபரேட்டர் விமானங்களைப் பெற்ற 160ஆம் ஸ்குவாட்ரன், சுமத்ராவின் கரைகளையும் நிகோபார் தீவுகளையும் நிழற்படம் எடுத்தது. 1945இன் தொடக்கத்திலிருந்து பகைத் துறைமுகங்களின் வாயில்களில் கடற்கண்ணிகளைப் போட்டது. மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூர் வரை சென்று திரும்பும் ஒரு பறத்தல் 3,000 மைலைத் தாண்டியது. ஒரு குழு ஏறத்தாழ ஒரு பகலும் இரவும் இருக்கையிலேயே கழித்தது. மூன்றாண்டுகளுக்கு முன் இழந்த துறைமுகத்தையே இலங்கையிலிருந்து எட்டித் தொட்ட இப்பணியில், பார்ப்பதும் அடிப்பதும் முதன்முறையாக ஒரே கையில் சேர்ந்தன. சீனக்குடா ஓடுதளம் அமெரிக்கரின் பெருவிமானங்களைத் தாங்கும் அளவுக்கு நீட்டப்பட்டு, 1944 ஆகஸ்டு 10இல் 54 பி-29 விமானங்கள் அங்கிருந்து சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நோக்கிப் புறப்பட்டன. அது அமெரிக்கப் படையின் நடவடிக்கை. பயன் செலவுக்கு ஈடாகவில்லை. இலங்கையிலிருந்து அம்முயற்சி மீண்டும் மேற்கொள்ளப்படவுமில்லை. ஆனாலும் 1942இல் ஒரு மாதத் தயாரிப்போடு தடுமாறிய தீவு, இரண்டாண்டில் எத்தகைய படைத்தளமாகியிருந்தது என்பதற்கு அது சான்று.

ஜப்பான் சரணடைந்த பின், போர்க்கைதிகளுக்கு உணவும் மருந்தும் கொண்டுசேர்க்கும் பணியில் இத்தொகுதியின் விமானங்களும் ஈடுபட்டன. 1945 அக்டோபரில் 222ஆம் தொகுதி என்ற பெயர் மறைந்து, இலங்கை வான்படைத் தலைமையகமாக அது மாற்றியமைக்கப்பட்டது. இலங்கை விடுதலை பெற்ற பின்னும் பிரிட்டிஷ் வான்படை கட்டுநாயக்கவிலும் சீனக்குடாவிலும் தங்கியிருந்தது, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அரசோடு செய்யப்பட்ட உடன்பாட்டின்படி 1957இல் அத்தளங்கள் ஒப்படைக்கப்பட்டன. கட்டுநாயக்க நாட்டின் முதன்மைப் பன்னாட்டு விமான நிலையமாகவும், போர்க்காலத்தில் காங்கேசன்துறை என்ற பெயரில் அறியப்பட்ட பலாலி பின்னாளில் உள்நாட்டுப் போரின் இராணுவத் தளமாகவும் 2019 முதல் யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகவும் மாறின. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடல் இப்போது விளையாட்டரங்கமும் கடைத்தொகுதியுமாக உள்ளது.